ஜப்பானில் ரெண்டு கரண்ட்

வெளிநாட்டுக்குக் கிளம்பும் யாரையும் முதலில் மிரட்டுவது பிளக்தான். நம்மூர் மூன்று உருண்டைக் கால் பிளக் சிங்கப்பூர் சுவரிலும் நுழையாது, அமெரிக்கச் சுவரிலும் நுழையாது. அதுகூடப் பரவாயில்லை, ஒரு அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது. அடுத்து வோல்டேஜ். இந்தியாவில் 230, அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. செல்போன் சார்ஜர்கள் இதையும் தாமாகவே சமாளித்துக்கொள்கின்றன. ஆனால் நாடு விட்டு நாடு போகாமல், ஒரே நாட்டுக்குள் வீடு மாற்றியதற்கே "நம்ம வாஷிங் மெஷின் அங்கே ஓடுமா?" என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. ஜப்பானியர்கள்தான். ரயில் ஒரு நிமிடம் தாமதமானாலும் மன்னிப்புக் கேட்கும் அதே ஜப்பானியர்கள்!

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏ.சி. கம்பியில் அது முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதுதான் ஹெர்ட்ஸ் கணக்கு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. அமெரிக்காவில் 60. ஜப்பானில்? கிழக்கே டோக்கியோ பக்கம் 50, மேற்கே ஒசாகா பக்கம் 60. பசிபிக் கரையில் ஃபுஜி ஆறு எல்லை, எதிர்க்கரையில் இட்டோய்கவா என்ற ஊர் எல்லை. வோல்டேஜ் மட்டும் நாடு முழுக்க ஒன்றே.

இது எப்படி வந்தது? போரா, அரசியலா? ஒன்றுமில்லை, இரண்டு பர்ச்சேஸ் ஆர்டர்கள். அவ்வளவுதான்.

டோக்கியோவின் மின்விளக்கு நிறுவனம் 1887ல் சப்ளை தொடங்கியபோது கொடுத்தது டி.சி. அதன் தலைமைப் பொறியாளர் ஃபுஜியோகா இச்சிசுகே, அமெரிக்கா போய் எடிசனைப் பார்த்துவிட்டு வந்தவர். எடிசனோ டி.சி. கட்சியின் தலைவர். ஒசாகா நிறுவனம் 1889ல் ஏ.சி.யோடு களமிறங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே ஏ.சி.யைத் தேர்ந்தெடுத்த இவதாரே குனிஹிகோ எடிசனின் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர் :) இந்த இருவரும் பின்னால் ஆரம்பித்த தொழில்கள்தான் இன்றைய தோஷிபாவுக்கும் என்.ஈ.சி.க்கும் வேர்.

டி.சி.யை அந்தக் காலத்தில் வெகுதூரம் கொண்டுபோக முடியாது. ஊர் வளர வளர டோக்கியோவும் ஏ.சி.க்கு மாற வேண்டியதாயிற்று. 1895ல் ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. கம்பெனியிடம் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அது 50 ஹெர்ட்ஸ். இரண்டு ஆண்டு கழித்து, 1897ல், ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கியது. அது 60 ஹெர்ட்ஸ். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 400 கிலோமீட்டர். அன்றைய மின்சாரம் ஒரு ஊரைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஒரு நாள் இந்த இரண்டு கம்பிகளையும் முடிச்சுப் போட வேண்டி வரும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல மெஷின், கட்டுப்படியாகும் விலை, வாங்கினார்கள்.

பிறகு நடந்தது காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பழகிய கதை. பக்கத்து ஊர்க்காரர் புதிதாக நிலையம் வைக்கும்போது பெரிய நிறுவனத்தோடு ஒத்துப்போகிற மெஷினைத்தான் வாங்குவார். மோட்டார் விற்பவர் அதற்கேற்ற மோட்டாரையே கொண்டுவருவார். ஆலைகள், வீடுகள் என்று வரிசையாக அதில் மாட்டிக்கொள்ளும். சில பத்தாண்டுகளில், மாற்றலாம் என்று நினைத்தாலும் மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் எல்லாம் நின்றுவிடும்.

மாற்றவே முடியாதா என்றால், முடியும். ஜப்பானிலேயே கியூஷூ தீவில் இரண்டும் கலந்து கிடந்தன, போருக்குப் பிறகு 60க்குக் கொண்டுவந்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியா 1948ல் 50லிருந்து 60க்கு மாறியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் செய்ததுதான் பிரமிப்பு. 25 ஹெர்ட்ஸ் பழக்கத்திலிருந்து 60க்கு வருவதற்காக 1949லிருந்து பத்து வருஷம், வீடு வீடாக ஆட்களை அனுப்பி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மோட்டார்களையெல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே இதை எடுத்துச் செய்ய மாகாண அரசின் ஒரே மின்நிறுவனம் இருந்தது. ஜப்பானிலோ 1951ல் மின்துறையை ஒன்பது தனியார் நிறுவனங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை, அந்த எல்லைக்குள் ஏகபோகம். பக்கத்து நிறுவனத்தோடு கைகோத்து யாருக்கு என்ன லாபம்?

மக்கள் சகித்துப் பழகிக்கொண்டார்கள். மின்சாரத்தின் ஆட்டத்தை எண்ணி ஓடும் கடிகாரம் ஒன்றை டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு எடுத்துப் போனால் மணிக்கு 12 நிமிடம் முந்தி ஓடும். ரெக்கார்ட் பிளேயரில் பாடகர் அவசரமாகப் பாடுவார். மைக்ரோவேவ் அடுப்புகளில் "50 ஹெர்ட்ஸுக்கு மட்டும்" என்று எழுதிய மலிவு மாடல்கள் உண்டு. இன்வெர்ட்டர் வைத்த கருவிகள் பரவிய பின் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. 1964ல் ஓடத் தொடங்கிய டோக்கியோ-ஒசாகா புல்லட் ரயிலுக்கோ, வழி முழுக்க 60 என்று முடிவு செய்து, டோக்கியோ பக்கத்து 50ஐ மாற்றிக் கொடுக்கத் தனி நிலையங்களே கட்டினார்கள்.

வீட்டுச் சாமானைச் சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு. 50ல் ஓடும் மின்தொடரையும் 60ல் ஓடும் மின்தொடரையும் நேராக இணைக்க முடியாது. நடை ஒத்துவராத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டுகிற கதைதான். வருவதை டி.சி.யாக்கி, மறுபடி அடுத்த ஹெர்ட்ஸில் ஏ.சி.யாக்கி அனுப்ப வேண்டும். அதற்கான நிலையங்கள் விலை அதிகம், கொள்ளளவு குறைவு. முதல் நிலையம் 1965ல் சகுமாவில், 300 மெகாவாட். பிறகு ஷின்-ஷினானோ, ஹிகாஷி-ஷிமிசு. 2011 தொடக்கத்தில் மொத்தம் சேர்த்து 1,000 மெகாவாட்தான் கடக்க முடியும்.

(இந்த டி.சி. வாசல் நமக்கும் தெரிந்ததுதான். தென்னிந்திய மின்தொடரும் வட இந்திய மின்தொடரும் 50 ஹெர்ட்ஸே என்றாலும் 2013 டிசம்பர் 31 வரை டி.சி. வழியாக மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தன. 2012 ஜூலையில் வடக்கு முழுக்க இருண்டபோது தெற்கு தப்பியது அதனால்தான். அதே 2012ல் தமிழ்நாடு மணிக்கணக்கில் பவர் கட்டில் வெந்தபோது வடக்கிலிருந்து வேண்டிய அளவு வாங்க வழி போதாமல் தவித்ததும் அதே குறுகல் வாசலால்தான்.)

2011 மார்ச் 11. 9.0 அளவு நிலநடுக்கம், சுனாமி. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் மட்டுமல்ல, பசிபிக் கரையில் இருந்த அனல்மின் நிலையங்களும் வரிசையாக நின்றன. டோக்கியோ மின்நிறுவனம் கணக்குப் போட்டது: தேவை சுமார் 41,000 மெகாவாட், கையில் இருப்பது சுமார் 31,000. மேற்கிலிருந்து உதவி கேட்கலாம், ஆனால் வாசலின் அகலம் 1,000. பத்தில் ஒரு பங்கு!

மார்ச் 14 முதல் 28 வரை டோக்கியோவைச் சுற்றிய மாவட்டங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, முறை வைத்து மூன்று மூன்று மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். சிக்னல் விளக்கு எரியவில்லை, ரயில்கள் குறைந்தன, குளிர் வேறு. ஒசாகாவிலோ விளக்குகள் வழக்கம்போல எரிந்தன. அங்கிருந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. நாமும் மிச்சம் பிடித்தால் கிழக்குக்குப் போகும் என்று ஒரு சங்கிலி மெயில் கான்சாய் மின்நிறுவனத்தின் பெயரில் வேகமாகச் சுற்றியது. அந்த நிறுவனமோ, இதை அனுப்பியது நாங்கள் இல்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்தாலும் வாசல் அகலாதே! அந்தக் கோடையில் கிழக்கின் பெரிய நிறுவனங்கள் 15 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று சட்டப்படி உத்தரவே போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. ஹிகாஷி-ஷிமிசு 2013ல் 300 மெகாவாட்டானது. 2021ல் ஹிடா-ஷினானோ என்ற புது டி.சி. பாதை 900 மெகாவாட்டோடு வந்தது. ஆக மொத்தம் 2,100. இதை 3,000 ஆக்கவும் திட்டம் போட்டார்கள். நாட்டையே ஒரே ஹெர்ட்ஸுக்கு மாற்றும் பேச்சு எழுந்து எழுந்து அடங்கிவிட்டது.

2022 மார்ச் 16ல் ஃபுகுஷிமா கரையோரம் மறுபடி நில அதிர்வு, சில அனல் நிலையங்கள் நின்றன. அடுத்த வாரமே டோக்கியோவில் குளிர் கடுமையாக, 22ஆம் தேதிக்கு நாட்டிலேயே முதல்முறையாக மின்பற்றாக்குறை எச்சரிக்கை கொடுத்தார்கள். மக்கள் ஹீட்டரைக் குறைத்து, விளக்கை அணைத்து அன்றைய நாளை ஓட்டினார்கள்.