கங்கையும் காசிப் பல்கலைக்கழகமும்

வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடையே அமைந்தமையால் வாராணசி என்னும் பெயர் வந்தது என்பர். அவற்றுள் அசியை இன்று ஆறு என்று சொல்ல நாக்கூசும். நகரின் கழிவைச் சுமந்து கங்கையில் சேர்க்கும் வாய்க்காலாக அது மாறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. அந்த அசிக்குத் தெற்கே, ஏறத்தாழ 1300 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது காசி இந்துப் பல்கலைக்கழகம். கேதார கட்டத்தில் குமரகுருபரர் மடம் கண்ட காலந்தொட்டும், அனுமான் கட்டத்தில் இளம் பாரதி வாழ்ந்த நாளிலும் தமிழர் நீராடிய துறைகள் அதற்குச் சற்று வடக்கே, ஆற்றின் போக்கில் உள்ளன.

பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன மாளவியாவுக்கே கங்கையின்மீது ஒரு வழக்கு இருந்தது. அரித்துவாரத்தில் கால்வாய்க்காக ஆற்றை மறித்து மதகுகள் கட்ட ஆங்கில அரசு முனைந்தபோது, தடையற்ற ஓட்டம் வேண்டும் என்று அவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1916 டிசம்பரில் அரசு உடன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றிருந்தது. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் இரண்டையும் செய்தார் என்பது நினைக்கத்தக்கது. ஆயினும் அவர் கேட்டது நீரின் ஓட்டத்தை. நீரின் தூய்மை அன்று கேள்வியாகவே எழவில்லை.

அக்கேள்வியை எழுப்பியவர் பேராசிரியர் வீரபத்திர மிசுரா. பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கழகத்தில் நீரியல் பொறியியல் கற்பித்தவர். துளசிதாசரோடு தொடர்புடைய சங்கட மோசனர் கோயிலின் மகந்தும் அவரே. தந்தை மறைந்தபோது பதினான்கு வயதிலேயே அப்பொறுப்பு அவர்மேல் விழுந்தது. காலையில் துளசி கட்டத்தில் முழுகி எழுபவரும், அந்நீரில் எத்தனை கிருமிகள் உள என்று அறிந்தவரும் ஒருவரே! கங்கை மாசடைந்தாள் என்றால் பக்தர் மனம் புண்படும். மாசில்லை என்றால் கல்வி பொய்யாகும். தாயின்மேல் அழுக்குப் படிந்தால் துடைப்பது மகன் கடமை என்ற வழியில் அவர் அம்முரணைக் கடந்தார். 1982இல் பல்கலைக்கழகத் தோழர்களுடன் சங்கட மோசன அறக்கட்டளையைத் தொடங்கினார்.

1986 ஜூன் 14ஆம் நாள் காசியிலேயே பிரதமர் ராஜீவ் காந்தி கங்கைச் செயல்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சாக்கடை நீரை இடைமறித்து, மின் விசைப் பம்புகளால் மேலேற்றி, நிலையங்களில் காற்றூட்டிக் கசடு பிரித்துவிடுவது ஏற்பாடு. தாளில் குறை காண இயலாது. ஆனால் காசியில் மின்சாரம் நாளும் பல மணி நேரம் நிற்கும். பம்பு நின்றால் கழிவு நேரே ஆற்றுக்கே போகும். மழைக்கால வெள்ளத்தில் கரையோர நிலையங்கள் மூழ்கும். கசடு பிரிந்தாலும் குடல் நோய்க் கிருமிகள் முற்றும் அழிவதில்லை. குளிக்கும் துறைக்கு எது இன்றியமையாததோ அதுவே விடுபட்டது. துளசி கட்டத்தில் அறக்கட்டளை அமைத்த ஆய்வுக்கூடம் நீரை எடுத்துச் சோதித்து எண்களை வெளியிட்டபோதுதான் இது ஊரறிந்த உண்மையாயிற்று.

மாற்றும் அவரே சொன்னார். துறைகளை ஒட்டிக் குழாய் பதித்து, பம்பு இல்லாமல் சரிவிலேயே கழிவைக் கீழ்ப்புறம் கொண்டுசென்று, தொடர் குளங்களில் பாசியும் வெயிலும் தூய்மை செய்ய விடுவது. கலிபோர்னியப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டு வகுத்த முறை அது. மாநகராட்சி மன்றம் ஏற்றுக்கொண்டது. 2013 மார்ச்சில் மிசுரா மறையும்வரை குளங்கள் தோண்டப்படவில்லை. கோப்புகளிடையே வாழ்பவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன்: மறுக்கப்பட்ட திட்டத்துக்கு மேல்முறையீடு உண்டு, ஏற்கப்பட்டுக் கிடக்கும் திட்டத்துக்கு அதுவும் இல்லை.

கல்விக்கும் கங்கை வழக்கே வாயில் திறந்தது. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கான்பூர் நகராட்சிக்குக் கட்டளையிட்டதோடு நிற்கவில்லை. முதல் பத்து வகுப்புகளிலும் வாரம் ஒரு மணி நேரமேனும் காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு பற்றிக் கற்பிக்கவேண்டும் என்றும் பணித்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் பாடநூலைச் சுமந்து செல்வதன் பின்னே கான்பூர்ச் சாக்கடை இருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

ஆற்றுப்படுகை முழுவதற்கும் திட்டம் வகுக்கும் பணி 2010இல் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கான்பூர் தலைமை தாங்கிய அவ்வேழனுள் நம் சென்னையும் ஒன்று. காசியின் தொழில்நுட்பக் கழகம் அந்நிலையைப் பெற்றது 2012இல்தான். ஆகவே அந்த எழுவரில் அது இல்லை. 2018இல் தீனாப்பூரில் நாளொன்றுக்கு 14 கோடி லிட்டர் கழிவைத் தூய்மை செய்யும் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அங்கேயும் கழிவு சென்று சேர்வது பம்புகளின் வழியேதான்.