சைரந்திரி வனம்

கோவையிலிருந்து ஆனைக்கட்டி வழியாக அட்டப்பாடிக்குள் நுழைபவர்களுக்கு முதலில் காணக் கிடைப்பது மழைக்காடு அல்ல. மழை மறைவுப் பகுதியின் வெயில் காய்ந்த சரிவுகள். அகளி தாண்டும்வரை கடைத்தெருக்களில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்தது. முக்காலியை நெருங்கியபோதுதான் காற்றில் ஈரம் ஏறியது. அங்கிருந்து வனத்துறை அனுமதித்த ஜீப்பில் சைரந்திரி வரை 23 கிலோமீட்டர். நாங்கள் ஐவர். சோலைமந்தியைப் பார்த்துவிட வேண்டும் என்பதே ஐவரின் ஆசையும். சிங்கவால் குரங்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதே விலங்குதான். வழிகாட்டியாக வந்த முடுகர் இன இளைஞர் எங்கள் ஆசையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் முன்னால் அமர்ந்துகொண்டார்.

சைரந்திரி என்பது விராடன் அரண்மனையில் திரௌபதி பூண்ட பெயர். இவ்வனத்தினூடே ஓடும் ஆற்றுக்கு மாமியாரின் பெயர், குந்தி. ஆங்கிலேயர் இதற்கு ‘சைலண்ட் வேலி’ என்று பெயரிட்டதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சில்வண்டுகளின் ஓசை இல்லாததால் என்பது அவற்றுள் பிரபலமானது. நாங்கள் போன அன்று சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. கோவையில் பருத்திப் பயிர் ஆய்வில் ஈடுபட்டிருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1847இல் இங்கே வந்திருக்கிறார். 1914இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1928இலேயே பொறியாளர்களின் கண் இதன்மீது விழுந்துவிட்டது. நீலகிரியின் விளிம்பிலிருந்து இறங்கும் குந்தி, சைரந்திரியை அடுத்த ஒரு குறுகிய இடுக்கின் வழியே சமவெளிக்குப் பாய்கிறது. அணை கட்ட அதைவிடத் தோதான இடம் அமையாது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. சுமார் 130 மீட்டர் உயர அணை, முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம், 10,000 ஹெக்டேர் பாசனம். மூழ்கப்போவது 830 ஹெக்டேர் காடு.

இந்த எண்களை எள்ளி நகையாடுவது இன்று எளிது. ஆனால் வடகேரளம் அன்று மின்சாரத்திலும் தொழிலிலும் பின்தங்கியே இருந்தது. இருளில் இருந்தவர்கள் விளக்குக் கேட்டது குற்றமன்று. ‘குரங்குக்காக மனிதர்கள் இருட்டில் கிடப்பதா?’ என்ற கேள்விக்கு அன்றைய கேரளத்தில் கைதட்டல் கிடைத்ததில் வியப்பில்லை.

இந்த வரலாற்றில் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது, 1976இல் ஜாபர் ஃபுடேஹல்லி தலைமையில் மத்திய அரசு அமைத்த குழுவின் கதை. திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்றுதான் அக்குழு பரிந்துரைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைவிட இயலாது போனால் இந்தப் பாதுகாப்பு நடவடிக்கைகளையாவது மேற்கொள்ளுங்கள் என்று 17 நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுத்தது. மாநில அரசு முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நிபந்தனைகளை ஏற்கிறோம், சட்டமே இயற்றுகிறோம், அணை கட்ட என்ன தடை? காட்டை நேசித்தவர்களின் அறிக்கையே அணைக்கு அனுமதிச் சீட்டானது. நல்லெண்ணத்தோடு திறந்து வைக்கப்படும் புழக்கடை வாசல் வழியாக யார் வருவார்கள் என்பதை அதன்பிறகும் நம் நாட்டுக் குழுக்கள் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எதிர்ப்பு, கல்லூரி ஆசிரியர்களிடமிருந்தும் எழுத்தாளர்களிடமிருந்தும் கிளம்பியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979இல் வெளியிட்ட ஆய்வு, தாவரவியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் எனப் பல துறையினர் சேர்ந்து எழுதியது. அது மரங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. மின்சாரக் கணக்கையே எடுத்துப் போட்டுக் கேள்வி கேட்டது. கவிஞர்களோ கணக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கவிதை பாடினார்கள். சுகதகுமாரியின் ‘மரத்தினு ஸ்துதி’ கூட்டங்களில் இறைவணக்கம் போல் ஒலித்தது. ‘மரக்கவிகள்’ என்று கேலி செய்தார்கள். அப்பெயரை அவர்கள் உதறவில்லை. கையெழுத்திட்ட மாணவர்களிலும் ஆசிரியர்களிலும் பெரும்பாலோர் இக்காட்டைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். பாதையற்ற காடு அது. அங்கே என்னென்ன வாழ்கின்றன என்பதற்கு அறிஞர்களிடமே முழுப் பட்டியல் இல்லை. ‘தெரியாது, ஆகவே அழிக்காதீர்கள்’ என்பதுதான் அவர்களின் அடிப்படை வாதம். அரசியல் மேடையில் இதைவிடப் பலவீனமான வாதத்தைக் கற்பனை செய்வது கடினம். அது வென்றது.

1980 ஜனவரியில் வழக்கு உயர்நீதிமன்றத்தில் தோற்றது. ஆயினும் அதே மாதம் மீண்டும் பிரதமரான இந்திரா காந்தியின் தலையீட்டால் பணிகள் நின்றன. எம்.ஜி.கே. மேனன் குழு ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தபோது இந்திரா உயிரோடில்லை. 1985 செப்டம்பர் 7இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார்.

பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். தமிழகத்துக் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் 1979இல் முன்வைத்தது இதைவிடப் பெரிய கனவு: நம் குந்தாக் காடுகளையும் அட்டப்பாடி, அமரம்பலம் காடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 39,000 ஹெக்டேரில் ஒரே மழைக்காட்டுக் காப்பகம். கிடைத்தது அதில் கால்பங்கிற்கும் குறைவு. 2007இல்தான் 148 சதுர கிலோமீட்டர் இடைக்காப்பு வளையம் சேர்ந்தது. அதுவும், சற்றுக் கீழே பாத்திரக்கடவில் இன்னோர் அணைக்கு முயற்சி நடந்த பிறகு.

வெற்றிக்கு வெளியே நின்றவர்களையும் சொல்ல வேண்டும். முடுகர், இருளர், குறும்பர் என்னும் இம்மண்ணின் மக்கள் இந்த வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் வருவதில்லை. காடு காப்பாற்றப்பட்டு முப்பதாண்டு கழிந்த பின், 2013இல், அட்டப்பாடிப் பழங்குடிக் குழந்தைகள் ஊட்டமின்றி இறந்த செய்திதான் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது.

சைரந்திரியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் உண்டு. மூச்சு வாங்க ஏறினோம். நாற்புறமும் பச்சை, ஒரு கூரை, ஒரு கம்பம் கண்ணில் படவில்லை. வழிகாட்டி கைநீட்டி இரு மலைகள் நெருங்கும் இடத்தைக் காட்டினார். அணை அங்கே வந்திருக்கும். நீர் எதுவரை நின்றிருக்கும் என்று கேட்டோம். கையை மெல்ல வடக்கே நகர்த்திக்கொண்டு போனார், நெடுநேரம் போனார்.

பிறகு ஆற்றை நோக்கி நடந்தோம். அட்டைகள் ஐவரையும் பாரபட்சமின்றிக் கடித்தன. கிளைகளிலேயே பூக்கும் வெடிப்பலா மரங்களை அவர் காட்டினார். மந்திகளுக்கு உயிர்நாடி அவை. அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு கருமந்தி உறுமிவிட்டுப் போயிற்று.

திரும்பும்போது நண்பர் ஒருவர் ஏமாற்றத்தை மறைக்காமல், “தம்பி, நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்றார்.

“நேற்று. ஒரு கூட்டமே இருந்தது.”

“இப்போது எங்கே இருக்கும்?”

ஆற்றுக்கு அப்பால், பார்வையாளர்களுக்கு அனுமதியில்லாத சரிவை அவர் சுட்டிக் காட்டினார்.