குடற்செருகல்: குழந்தை வயிற்றுவலியின் வரலாற்றில் ஓர் இயல்

குடலின் ஒரு பகுதி, அதை அடுத்துள்ள பகுதிக்குள் சட்டைக் கை உள்மடங்குவதுபோல நுழைந்து அடைத்துக்கொள்வதைக் குடற்செருகல் என்பர். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நேரும் இந்நோயில், குழந்தை முழங்கால்களை வயிற்றோடு மடக்கி வீறிடுவதும், சற்று ஓய்ந்து துவண்டு கிடப்பதும், மறுபடி வீறிடுவதுமாக வலி விட்டுவிட்டு வரும். சளியும் இரத்தமும் கலந்த மலமோ, செருகிய குடலின் இரத்த ஓட்டம் தடைப்பட்ட பிறகே வெளிப்படும். ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் தோன்றும்போது சிகிச்சைக்குரிய நேரத்தில் பெரும்பகுதி கழிந்திருக்கும் என்னும் இம்முரணோடுதான் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினர்.

குடல் அடைப்புக்கு ஆசனவாய் வழியே துருத்தியால் காற்றைச் செலுத்தும் முறை ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே உண்டு. 1674இல் ஆம்ஸ்டர்டாமின் பார்பெட் இந்நோயை விவரித்தார் எனினும், 1871இல்தான் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வயிற்றைத் திறந்து, செருகலை விடுவித்துப் பிழைக்கவைத்தார். அவ்வெற்றி பலருக்கும் கைகூடவில்லை; கைக்குழந்தைகளுக்கு அறுவை பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது.

ஆகவேதான் கோபன்ஹேகனின் ஹரால்ட் ஹிர்ஷ்பிரங், ஆசனவாய் வழியே நீரைச் செலுத்தி அதன் அழுத்தத்தால் குடலைப் பின்தள்ளும் முறையை 1876இல் முன்வைத்தார். 1905இல் அவர் வெளியிட்ட 107 நோயாளிகளின் தொகுப்பில் இறப்பு 35 விழுக்காடு; இன்று கொடிதாகத் தோன்றும் இவ்வெண், அக்காலத்து அறுவையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றமே. ஆனால் செருகல் முழுவதும் விடுபட்டதா என்பதைக் கையால் தடவியும் குழந்தையின் நிலையைப் பார்த்தும் ஊகிக்க வேண்டியிருந்ததால், அறுவை பாதுகாப்பானதாக மாறியதும் நீர்முறை பல நாடுகளில் பின்தங்கியது. முறை பிழையானதன்று, அதைக் கண்காணிக்கும் வழிதான் இல்லை.

அவ்வழியை எக்ஸ்ரே தந்தது. 1913இல் பாஸ்டனின் வில்லியம் லாட், எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும் கரைசலை எனிமாவாகச் செலுத்தி நோயைப் படத்தில் காட்டினார். 1948இல் பால்டிமோரின் மார்க் ராவிட்ச், பேரியம் கரைசலைக் கொண்டு அதே எனிமாவைச் சிகிச்சையாகவே நிலைநாட்ட முயன்றார். கரைசல் உள்ள கலத்தை ஏறத்தாழ மூன்றடிக்கு மேல் உயர்த்தக் கூடாது, கரைசல் சிறுகுடலுக்குள் தாராளமாகப் பாயாவிட்டால் அறுவைக்குச் செல்ல வேண்டும் என்னும் வரம்புகளே அம்முறைக்கு நம்பகத்தன்மை அளித்தன. பின்னர்க் காற்றும் திரும்பி வந்தது: 1986இல் சீன மருத்துவர்கள், 13 ஆண்டுகளில் காற்றழுத்த எனிமா பெற்ற 6,396 பேரின் விவரங்களை வெளியிட்டனர். அல்ட்ராசவுண்ட் பரவிய பிறகு, கதிர்வீச்சே இல்லாமல் நோயைக் கண்டறிய முடிந்தது. குடல் அழுகியோ துளைபட்டோ இருந்தால் அன்றும் இன்றும் கத்தியே வழி.

இந்நோய் தடுப்பூசி வரலாற்றிலும் குறுக்கிட்டது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்னும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கான தடுப்பு மருந்து, குடற்செருகலுக்குக் காரணமாவது தெரியவந்ததால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. இதனால், அதே வைரஸுக்கான இந்தியத் தயாரிப்பான ரோட்டாவாக் டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டபோது, வயிற்றுப்போக்கு எந்த அளவுக்குக் குறைகிறது என்பதோடு, குழந்தைகளுக்குக் குடற்செருகல் நேர்கிறதா என்பதும் உன்னிப்பாகக் கண்காணிக்கப்பட்டது. 2016இல் அம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.