கண்ணில் மருந்திடும் கை

நோயாளியின் கீழிமையை மெல்லத் தாழ்த்தி, அதன் உட்புறத்தில் களிம்பிடுவதை இன்று நாம் சிறு பணியாகவே எண்ணுகிறோம். மருத்துவமனையில் செவிலியர் செய்வார். வீட்டில் தாயார் செய்வார். ஆனால் அரபு மொழி இந்தச் சிறு பணியைக் கொண்டே ஒரு மருத்துவப் பிரிவினருக்குப் பெயரிட்டது. 'குஹ்ல்' என்பது கண்ணுக்கிடும் மை. அதை இடுபவர் 'கஹ்ஹால்'. கண்புரையை ஊசியால் அகற்றும் அளவுக்குத் தேர்ந்த கண் மருத்துவரும் பல நூற்றாண்டுகள் இந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு பயண நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. இஹ்ராம் அணிந்து மக்கா நோக்கிச் சென்ற உமர் இப்னு உபைதுல்லாஹ்வுக்கு மலல் என்னுமிடத்தில் கண்நோய் கண்டது. ரவ்ஹாவை அடைந்தபோது வலி கடுமையாயிற்று. என்ன செய்வதென்று, உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபானிடம் ஆளனுப்பிக் கேட்டார். கரியபோளத்தைப் பற்றிடுமாறு பதில் வந்தது. இஹ்ராமில் இருந்த ஒருவர் கண்நோயால் துன்புற்றபோது நபி (ஸல்) அவர்கள் கூறிய வழி அதுவே எனத் தம் தந்தையார் அறிவித்ததை அபான் சான்றாகக் காட்டினார். கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றை உலர்த்தி எடுப்பது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். அவர் மையிட விரும்பினார் என்றும், அபான் அதைத் தடுத்து இம்மருந்தைச் சொன்னார் என்றும் மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. அலங்காரத்தையும் மருந்தையும் பிரித்துப் பார்த்த இந்த நுட்பம் நம்மை வியக்க வைக்கிறது. நறுமணம் கலவாத மருந்தை இஹ்ராமில் இடலாம் என்ற சட்டத்திற்கு அறிஞர்கள் இந்த ஹதீஸை ஆதாரமாகக் கொண்டனர்.

பின்னர் பக்தாதில் இக்கலை நூலாக வளர்ந்தது. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். அவர் கிறிஸ்தவர், முஸ்லிம் மருத்துவர்கள் அவரது நூலைத் தயக்கமின்றிப் பாடமாகக் கொண்டனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸாவின் 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' நூற்றுக்கு மேற்பட்ட கண்நோய்களை விவரித்தது. பிற்காலத்தில் லத்தீனிலும் பெயர்க்கப்பட்டது. அக்காலத்துக் கண்மருந்துகளுள் முக்கியமானது 'ஷியாஃப்'. சரக்குகளை மிக நுண்ணிய தூளாக்கி, பிசின் சேர்த்துக் குச்சிபோல் உருட்டி உலர்த்தி வைப்பார்கள். வேண்டும்போது கல்லில் நீர்விட்டு உரைத்து, 'மீல்' என்னும் மழுங்கிய கோலால் கண்ணில் இடுவார்கள்.

உலர்ந்த குச்சியைப் பார்த்து அதனுள் இருப்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு ஷைஸரீ, கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதிய கையேட்டில் கண் மருத்துவர்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. ஹுனைனின் நூலைக் கொண்டு அவர்களைச் சோதிக்க வேண்டும். கண்ணின் ஏழு படலங்களையும் மூன்று நீர்மங்களையும் நோய்களையும் மருந்துக் கலவையையும் அறிந்தவருக்கே அனுமதி என்கிறார் அவர். ஊர் ஊராகத் திரிந்து மருந்திடுவோரை அவர் சற்றும் நம்பவில்லை. மாவுப் பொருளையும் பிசினையும் பிசைந்து நிறமேற்றி ஷியாஃப் என விற்பார்கள் என்று எச்சரிக்கிறார்.

இன்று நம் வீடுகளில் சுர்மா குப்பி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னது 'இஸ்மித்' என்னும் மை. ஆனால் அப்பெயரோடும் பெயரின்றியும் விற்கப்படும் சுர்மாக்கள் பல நாடுகளில் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டபோது, பலவற்றில் இருந்தது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். கருமையிலும் மினுக்கத்திலும் அது இஸ்மித்தைப் போலவே தோன்றும். கண்ணால் வேறுபாடு காண இயலாது. நாற்பதாம் நாள் கழியாத குழந்தைக்கும் சுன்னத்தின் பெயரால் அதைத் தீட்டுகிறோம். குழந்தை கண்ணைக் கசக்குகிறது. அதே விரலை வாயில் வைக்கிறது. ஈயம் அதன் இரத்தத்தில் சேர அதுவே முக்கிய வழி.