கங்காணி

விடிவதற்குள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. அங்கே வேலையை மேற்பார்ப்பவருக்குக் கங்காணி என்று பெயர்.

'கண்காணி' மருவியதே கங்காணி. கண்ணால் கண்டு பேணுபவர் என்பது பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி' வருகிறது. அது கோயில் தருமம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. நம்பிக்கைக்குரியவர்களிடமே அது இருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில்தான் சொல் இருண்டது. துரைக்குத் தொழிலாளியின் குறை எட்டவேண்டுமானாலும், தொழிலாளிக்குத் துரையின் உத்தரவு வரவேண்டுமானாலும் கங்காணியின் வாய் வழியாகத்தான். கடன் கணக்கும் அவர் கையில். வேலைக்கு வந்த ஆட்களின் தலையை எண்ணி அவருக்குக் காசு கிடைத்தது. கடனை எழுதிய 'துண்டு'ச் சீட்டோடு ஆட்கள் தோட்டம் மாற்றப்பட்டார்கள். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. சிங்களத்தில் இச்சொல் 'கங்காணம்' ஆகி, 'கங்காணம்கே' என்று குடும்பப் பெயராகவும் நிற்கிறது.

கேடு சொல்லில் இல்லை. பேச்சுக்கு ஒரே வாசல் வைத்ததில் இருந்தது. இன்றைய நிறுவனங்களிலும் மேலாளர் ஒருவரைத் தாண்டி யாரும் வாய் திறக்க முடியாதென்றால் அங்கே நடப்பது அதே பழைய முறைதான். ஆட்களை நடத்தும் பொறுப்பிலிருப்போரே, உங்கள் தலைக்கு மேலேயும் அவர்கள் பேச வழி விடுங்கள். கூலிக் கணக்கை அவர்கள் கண்முன்னே விரித்துக் காட்டுங்கள்.