அம்மா, சித்தி, அக்காள்

திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்ற கிராமம் இருக்கிறது. பெயரிலேயே அயல் வாடை அடிக்கும் ஊர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லம் உருவானது. அந்த இல்லத்தில் குழந்தைகள் பெரியவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இல்லத்தை நடத்திய அயர்லாந்துப் பெண் ஏமி கார்மைக்கேல் 'அம்மா'. கடல் கடந்து வந்து ஊதியமில்லாமல் வேலை செய்த ஐரோப்பியப் பெண்கள் 'சித்தி'. தமிழ்ப் பெண் ஊழியர்கள் 'அக்காள்'. ஆண்கள் 'அண்ணாச்சி'. (நெல்லைப் பக்கத்தில் அண்ணாச்சி என்பது உறவைவிட மரியாதையைக் காட்டும் சொல், பலசரக்குக் கடைக்காரருக்கும் அதுதான். அதனால் ஆண்கள் கணக்கு வேறு, அதை விட்டுவிடுவோம்.)

சித்தி என்பவள் தாயின் தங்கை. தாய் இல்லாதபோது அந்த இடத்தில் நின்று அணைக்கவும் அதட்டவும் உரிமை உள்ளவள். அக்காள் நம் தலைமுறை. தம்பியை இடுப்பில் தூக்கித் திரிவாள், மூக்கைத் துடைத்துவிடுவாள், சோறு பிசைந்து ஊட்டுவாள். வீட்டில் ஒரு முடிவெடுக்கும்போது அவளை யாரும் கேட்பதில்லை. கப்பலிலிருந்து இறங்கிய இளம் பெண் வந்த அன்றே சித்தியாகிவிடுகிறாள். ஒரு தலைமுறைக் குழந்தைகளை வளர்த்து முடித்த தமிழ்ப் பெண் நரை விழுந்த பிறகும் அக்காளாகவே இருக்கிறாள். யாரும் அவமதிக்க நினைத்து இப்படி வைத்ததாக நான் எண்ணவில்லை. அன்பான சொற்கள்தான். ஆனால் அன்பான சொல்லுக்குள்ளும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு என்பது கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ஏமியின் கதை நன்றாக அறியப்பட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1867இல் வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்தார். ஜப்பானில் சிறிது காலம் மிஷன் வேலை செய்து, உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1895இல் இந்தியா வந்தார். 1951 ஜனவரியில் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. சேலை உடுத்தினார், தமிழ் கற்றார். இன்று இரண்டு வார விடுமுறையில் வந்து அநாதை இல்லத்தில் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுப் போகிறவர்களோடு இந்த 55 ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், அந்த உறுதியை மதிக்காமல் இருக்க முடியாது. நான் மதிக்கிறேன். கேள்வி அந்த உறுதியைப் பற்றியது அல்ல.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஏமியின் முன் ஒரு சிறுமி வந்து நின்றாள். ஏழு வயதிருக்கும். பெருங்குளத்தில் கோயில் பெண்கள் வளர்த்துவந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவள். அவளைப் பிரீனா என்று ஏமி எழுதுகிறார். அதற்கு முன்பும் ஒருமுறை அவள் தப்பியிருந்தாள். தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடினாள். பின்தொடர்ந்து வந்த பெண்களிடம் தாய் அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். தனக்கு என்ன நடக்க இருந்தது என்பதை அவள் துணிப் பொம்மையை வைத்துக் காட்டியதாக ஏமியின் எழுத்திலிருந்து அறிகிறோம். டோனாவூரின் தொடக்கம் இந்தச் சிறுமிதான். அவளைக் கூட்டிக்கொண்டுவந்து மிஷன் வீட்டில் விட்டவள் ஒரு தமிழ்ப் பெண் என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். யாரும் பிரீனாவைத் தேடிப்போய் மீட்கவில்லை. அவளே இரண்டுமுறை தப்பினாள். இரண்டாம் முறை ஒருத்தி கைப்பிடித்துக் கூட்டிப்போனாள்.

இந்தக் கதையில் தாய் வந்தவுடனேயே மறைந்துவிடுகிறாள். தெய்வத்துக்கு அஞ்சி மகளைக் கைவிட்டவள் என்பதோடு அவள் பாத்திரம் முடிகிறது. மிஷன் வாசகர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நமக்குப் போதாது. கோயில் சார்ந்த பெண்களின் வீடுகளில் சொத்து பெண்வழியில் இறங்கியது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு வழக்கப்படி இருந்தது. வாரிசுக்கும் தொழிலுக்கும் ஒரு பெண் குழந்தை தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், பிழைக்க வழியில்லாத தாய்க்கு அப்படி ஒரு வீட்டில் மகளைச் சேர்ப்பது மூன்று வேளைச் சோற்றுக்கான ஏற்பாடு. சூடு போட்ட கையை இது நியாயப்படுத்தாது. ஆனால் தாயை வெறும் மூடநம்பிக்கையின் உருவமாக்கிவிட்டால், 'அம்மா' என்ற இடம் காலியாகிவிடுகிறது. காலியான இடத்தில் வேறொருவர் உட்காருவது எளிது.

1904 முதல் கைக்குழந்தைகள் வரத் தொடங்கின. கோயிலுக்கு விடப்படும் அபாயத்தில் இருந்தவை மட்டுமல்ல, வேறு காரணங்களால் வீடிழந்தவையும் வந்தன. தமிழ்ப் போதகர்களும் கிராமத்துப் பெண்களும்தான் தகவல் சொன்னார்கள், தூக்கிவந்தார்கள். வந்தவற்றில் பல சாகும் நிலையில் வந்தன. பாலூட்டப் பெண்கள் கிடைக்கவில்லை. பிறர் குழந்தைக்குப் பால் கொடுப்பதை ஊர் வழக்கம் ஏற்கவில்லை. பீ மூத்திரம் அள்ளும் வேலை என்பதால் குழந்தை பார்க்கும் பணிக்கே படித்த கிறிஸ்தவப் பெண்கள் தயங்கினார்கள். மதம் மாறிய வீடுகளிலும் சாதி அப்படியேதான் இருந்தது.

இந்த இடத்தில்தான் பொன்னம்மாள் வருகிறார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஏமியோடு ஊர் ஊராகச் சென்ற தமிழ்ப் பெண்கள் குழுவில் முதன்மையானவர். டோனாவூரில் மருத்துவர் இல்லாததால், அன்றைய தென் திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அருகே நோயுற்ற குழந்தைகளுக்கென ஒரு கிளை தொடங்கினார்கள். அதன் பொறுப்பு முழுக்க பொன்னம்மாளுடையது. பாலைக் காய்ச்சி, அளந்து, புட்டிகளைக் கொதிநீரில் கழுவி, இரவெல்லாம் விழித்திருந்து, தன்னோடு இருந்த இளம்பெண்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தார். அந்தக் கைகளுக்குத் தெரிந்த சுகாதாரம் அன்றைக்கு மிகச் சில இடங்களில்தான் இருந்தது. அப்படியும் வயிற்றுக்கடுப்பு பரவியபோது ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் இறந்தன. மிஞ்சியவற்றோடு பொன்னம்மாள் பிற்பாடு டோனாவூருக்குத் திரும்பினார். 1915இல் புற்றுநோயால் இறந்தார்.

ஏமி அவரை மறக்கவில்லை. 1918இல் பொன்னம்மாள் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். தமிழ்ப் பணிப்பெண் ஒருவரின் வாழ்க்கையை முழு நூலாக எழுதிய வெளிநாட்டவர் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? ஆனாலும் நூல் ஆங்கிலத்தில், ஆங்கில வாசகர்களுக்காக எழுதப்பட்டது. அதில் பொன்னம்மாள் தியாகமே உருவான கிறிஸ்தவப் பெண். ஒரு நிறுவனத்தை முன்னின்று நடத்திய நிர்வாகியாக அவரைப் பார்க்க நாம்தான் வரிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது? ஏமி யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருந்தார். கடன் வாங்குவதும் இல்லை. ஆனால் அவர் எழுதினார், இடைவிடாமல் எழுதினார். 1909இல் வந்த 'தாமரை மொட்டுகள்' நூலில் அதற்கென்றே எடுத்த 50 புகைப்படங்கள் இருந்தன. கொழுகொழுவென்ற கன்னங்களும் பெரிய கண்களுமாகத் தமிழ்க் குழந்தைகள் பிரிட்டிஷ் வீடுகளின் முன்னறைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படங்கள் அழகானவை, இதை மறுக்க முடியாது. வெளிநாட்டுத் தன்னார்வலர் ஒரு குழந்தையை மடியில் வைத்து எடுத்துப் போடும் இன்றைய படத்தின் மூதாதைகளும் அவைதான். படத்தில் இருக்கும் குழந்தையிடம் அன்றும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

குழந்தைகளுக்குப் புதிய பெயர்கள் வைக்கப்பட்டன. பிறந்த நாள் தெரியாத குழந்தைக்கு இல்லத்துக்கு 'வந்த நாள்' கொண்டாடப்பட்டது. இது எனக்கு நெகிழ்ச்சியையும் சங்கடத்தையும் ஒன்றாகத் தருகிறது. ஒன்றுமில்லாத குழந்தைக்கு ஒரு நாளையாவது சொந்தமாக்கும் அக்கறை அதில் இருக்கிறது. வந்த நாளுக்கு முந்தைய வாழ்க்கை கணக்கில் இல்லை என்ற முடிவும் இருக்கிறது.

அந்த முந்தைய வாழ்க்கை சில நேரம் வக்கீலோடு வாசலுக்கு வந்தது. முத்தம்மாள் என்ற சிறுமியைத் தாயிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 1911இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவுத் தொகையும் ஏமி மீது விழுந்தது. ஆனால் தீர்ப்பு நிறைவேறவில்லை, சிறுமி காணாமல் போனாள். அப்போது டோனாவூருக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் அவளுக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்து இரவில் வெளியேற்றினார். கைமாறிக் கைமாறி அவள் கொழும்புக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் போய்ச் சேர்ந்தாள். பல ஆண்டுகள் கழித்து, டோனாவூரில் வளர்ந்த அருள்தாசனை மணந்தாள். மிஷன் வரலாற்றில் இது தெய்வச் செயல். சட்டத்தின் கண்ணில் ஆள் கடத்தல். முத்தம்மாள் தாயிடம் போக விரும்பவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஒரு தமிழ் அக்காள் அதே காரியத்தைச் செய்து பிடிபட்டிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்கிறேன்.

இதே பிரச்சினையைச் சென்னையில் இன்னொரு பெண் வேறு விதமாக அணுகினார். முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அதனால் இது அவருக்குத் தொலைதூரத்துத் துயரம் அல்ல. சட்டமன்றத்தில் போராடினார். 1929இல் கோயில் மானிய நிலங்களைப் பொட்டுக்கட்டும் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. முழுத் தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. தேவதாசிப் பெண்கள் எதிர்த்தார்கள், பெங்களூர் நாகரத்தினம்மாளும் அவர்களில் ஒருவர். தங்களை விலைமாதர் என்று அழைப்பதையும், சொத்தும் கலையும் பறிபோவதையும் எதிர்த்த அந்தக் குரலுக்கு நியாயம் இருந்தது. மீட்க வந்தவர்களிடம், உள்நாட்டவர் வெளிநாட்டவர் என்ற வேறுபாடில்லாமல், மீட்கப்படுகிறவர்கள் கேள்வி கேட்ட அரிய தருணம் அது. 1930 வாக்கில் சில சிறுமிகள் முத்துலட்சுமியின் வீடு தேடி வந்தபோது நகரத்து விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

சித்திகளிடம் திரும்புகிறேன். அவர்களையும் எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் பெண்களுக்கு 1918வரை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை, அதுவும் முதலில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் கிடைத்தது. திருச்சபையில் குருப்பட்டம் இல்லை. திருமணமாகாத பெண் அண்ணன் வீட்டில் ஓரத்தில் வாழ வேண்டியவள். அப்படிப்பட்டவள் திருநெல்வேலியில் மருத்துவமனை நடத்தினாள், நிலம் வாங்கினாள், கலெக்டரோடு பேசினாள். தன் நாட்டில் கிடைக்காத வெளி அவளுக்கு இங்கே கிடைத்தது. அந்த வெளியைத் தாங்கி நின்றது அக்காள்களின் உழைப்பு. டோனாவூரில் யாருக்கும் சம்பளம் இல்லை, சித்திக்கும் இல்லை, அக்காளுக்கும் இல்லை. சமத்துவம் என்று தோன்றும். சித்திக்குத் திரும்பிப் போக ஒரு நாடும் குடும்பமும் இருந்தன. அக்காள்களில் பலர் அதே இல்லத்தில் வளர்ந்தவர்கள், அவர்களுக்கு மதில் சுவருக்கு வெளியே வீடில்லை. ஒருத்தியின் தன்னார்வமும் இன்னொருத்தியின் வேறு வழியின்மையும் ஒரே கணக்கில் 'சேவை' என்று எழுதப்பட்டன.

இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. 1916இல் ஏமி, திருமணம் செய்துகொள்ளாமல் கூட்டாக வாழும் சகோதரிகள் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதில் சேர்ந்தவர்கள் தமிழ்ப் பெண்கள். 1916இல் ஒரு தமிழ்ப் பெண் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, வேலை கற்று, மற்ற பெண்களோடு மரியாதையாக வாழ வேறு எத்தனை இடங்கள் இருந்தன? அந்த வாசலைத் திறந்தது டோனாவூர்தான்.

2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலா குழந்தைகளுக்குத் தீங்கு தரும் என்று எச்சரித்தது. பாசம் வைத்த முகம் திரும்பத் திரும்பப் போய்விடுவது குழந்தையைப் பாதிக்கும் என்பது காரணங்களில் ஒன்று. அக்காள்களிடம் கேட்டிருந்தால் 1910இலேயே சொல்லியிருப்பார்கள். சித்திகள் விடுப்பில் கப்பலேறிய இரவுகளில் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவர்கள்தானே.

தனக்குப் பின் தலைமையேற்பார் என்று ஏமி நம்பியிருந்தவர் அருளாய். சிறுமியாக அவரிடம் வந்து சேர்ந்த தமிழ்ப் பெண். 1931இல் ஏமி கீழே விழுந்து படுக்கையில் முடங்கினார். அருளாய் 1939இல், அவருக்கு முன்பே இறந்துபோனார். 1951இல் ஏமி மறைந்தபோது பொறுப்பு வெளிநாட்டவர் கைகளுக்கே போனது. கல்லறைக்கல் வேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். மரங்கள் அடர்ந்த அந்த இடத்தில், இல்லத்தில் இறந்த மற்றவர்களும் பெயர்க்கல் இல்லாமல் அருகருகே உறங்குகிறார்கள்.