ஆட்டத்திரையும் சித்திரத்திரையும்

பகலில் புகைப்படங்களுக்கு வர்ணம் திருத்துவதும், இரவில் வேகமான கணினி விளையாட்டுகளில் திளைப்பதுமாக இருக்கும் ஒருவர், இரண்டுக்கும் உதவக்கூடிய நல்ல மானிட்டர் ஒன்றை வாங்கலாம் என்று கடைக்குப் போனால், அங்கே ஒரு வரிசையைக் காட்டி இவை கேமிங் மானிட்டர்கள் என்றும், எதிர்ச் சுவரைக் காட்டி அவை டிசைன் மானிட்டர்கள் என்றும் விற்பனையாளர் பிரித்துச் சொல்லுவார். கேட்பவருக்கு இவை ஆதிநாள் முதலே இரண்டு குலங்களாக இருந்து வந்தவை போலத் தோன்றும். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கண்ணாடிக் குழாயில் பிறந்தவை. சுமார் பதினைந்து ஆண்டுக் காலம் மட்டுமே பிரிந்து வாழ்ந்தவை. அந்தப் பிரிவுக்குக் காரணம் ஆட்டக்காரரின் அவசரமோ சித்திரக்காரரின் பிடிவாதமோ அன்று. இடையிலே வந்து சேர்ந்த ஒரு பொருளின் இயற்கைக் குணமே காரணம்.

கேத்தோடு கதிர்க் குழாய் எனப்படும் அந்தக் கண்ணாடிக் குழாயை 1897ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உருவாக்கியவர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. மின்சார அலைகளைக் கண்ணால் பார்ப்பதற்காக அவர் செய்த அந்தச் சாதனம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எத்தகைய காரியங்களுக்குப் பயன்படப் போகிறது என்பதை அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். 1957இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176க்கு 176 புள்ளிகளாகப் பிரித்துக் கணினிக்குள் செலுத்தினார். கணினி வழியாகப் படத்தைக் கையாளும் கலைக்கு அதுவே பாலபாடம். அடுத்த ஆண்டே, 1958 அக்டோபரில், புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையைப் பார்க்க வந்த பொதுமக்கள் சலிப்படையாதிருக்க வேண்டுமென்று வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக நிபுணர், ஒரு சிறிய ஆஸிலோஸ்கோப்பின் வட்டத்திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்துக் காட்டினார். ஓராண்டு இடைவெளியில், ஒரே தேசத்தில், ஒருவரையொருவர் உத்தேசியாமல் இரண்டு கலைகளும் தோன்றிவிட்டன.

அதன்பின் முப்பது ஆண்டுகள் இரண்டும் தனித்தனி வழியே வளர்ந்தாலும், இரண்டின் முகமும் அந்தக் குழாயாகவே இருந்தது. 1962இல் எம்.ஐ.டி. மாணவர்கள் விண்வெளிப் போர் விளையாட்டை ஆடியதும் அதில்தான். 1973இல் பாலோ ஆல்ட்டோவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ரிச்சர்ட் ஷூப் வர்ணம் தீட்டும் சூப்பர்பெயின்ட் கருவியை இயக்கிக் காட்டியதும் அதில்தான். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல், தம்முடைய மாக்கின்டோஷ் திரை கறுப்பையும் வெளுப்பையும் தவிர வேறெதையும் காட்ட மறுத்ததால், சாம்பல் நிறச் சாயல்களை அதில் தோன்றச் செய்வதற்கென்று ஒரு நிரலை எழுதினார். அவருடைய தம்பி ஜானும் சேர்ந்துகொள்ள, அந்த நிரலே வளர்ந்து 1990இல் அடோபி ஸ்தாபனத்தின் மூலம் போட்டோஷாப் என்ற பெயரில் வெளிவந்தது. திரையின் இயலாமையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கேத்தோடு கதிர்க் குழாய்களை மேஜைமேல் கண்டறியாத தலைமுறைக்கு அவற்றின் பெருமையை விளக்குவது சற்றுச் சிரமமான காரியம். குழாயின் பின்கழுத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறத்துப் பாஸ்பரப் பூச்சின்மேல் விநாடிக்கு அறுபது முதல் நூறு தடவைக்கு மேலும் வரிவரியாக ஓடி, தொட்ட புள்ளியைக் கணநேரம் ஒளிரச் செய்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடும். அடுத்த படம் வருமுன்னே அந்தப் புள்ளி அணைந்துவிடுவதால், ஓடுகிற உருவம் ஓடுகிற உருவமாகவே, இழுவையின்றித் துலக்கமாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் வர்ணம் மாறுவதில்லை. புள்ளிகளின் தொகையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கேற்பக் கற்றை தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆட்டக்காரருக்கு வேண்டிய வேகமும் சித்திரக்காரருக்கு வேண்டிய வர்ண நேர்மையும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. 1968இல் சோனி ஸ்தாபனம் வெளியிட்ட டிரினிட்ரான் குழாய் இந்த வகையின் சிகரம். அதன் செங்குத்துக் கம்பி வலையை அசையாமல் நிறுத்துவதற்காகக் குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியின் நிழல், வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் மயிரிழை போல ஒரு கோடாகத் தெரியும். பத்திரிகை அலுவலகங்களில் புதிதாக வந்தவர்கள் அதைப் பழுது என்று எண்ணித் துணியால் துடைத்துப் பார்ப்பது வழக்கம்.

இத்தனை குணங்களுக்கும் ஈடாக அது கேட்ட விலை இடமும் எடையும்தான். குவேக் விளையாட்டை ஆக்கிய ஜான் கார்மாக், 1995இலேயே 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட 28 அங்குல இன்டர்கிராஃப் குழாய்த் திரையின் முன்னமர்ந்து வேலை செய்யும் புகைப்படம் பிரசித்தமானது. அந்தத் திரையின் எடை சுமார் 45 கிலோ, ஓர் அரிசி மூட்டைக்குக் குறையாத பாரம். சோனியின் கடைசி மகுடங்களில் ஒன்றான 24 அங்குல எஃப்.டபிள்யூ.900 மானிட்டரும் 40 கிலோவைத் தாண்டியதே. இவ்வளவு பாரத்தைச் சுமக்க எத்தனை வீட்டு மேஜைகள் சம்மதிக்கும்?

ஆகவே தட்டைத்திரை வந்ததும் உலகம் ஆவலோடு வரவேற்றதில் வியப்பில்லை. திரவப் படிகம் என்ற விசித்திரப் பொருளை 1888இலேயே பிராக் நகரத்துத் தாவர சாஸ்திரி பிரெடரிக் ரைனிட்சர் கவனித்திருந்தார். 1970இல் ஸ்விட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிச் என்ற இருவர் அதன் மூலக்கூறுகளை முறுக்கி வைத்து, மின்னழுத்தத்தால் முறுக்கவிழ்த்து ஒளியை மறைக்கவும் விடவும் கூடிய டி.என். முறையைக் கண்டறிந்தனர். மலிவானது, வேகமானது, ஆனால் சற்றுத் தலையைத் தாழ்த்திப் பார்த்தால் நிழல் வெளிச்சமாகவும் வெளிச்சம் நிழலாகவும் புரண்டுபோகும். அதுவும் போதாதென்று, பல டி.என். திரைகள் ஒவ்வொரு மூலவர்ணத்துக்கும் 64 படிகளையே உண்மையில் காட்டி, மற்றவற்றைப் புள்ளிகளை மாற்றி மாற்றி மினுக்கிப் பாவனை செய்தன. மாலை வானத்தின் சீரான நிறமாற்றம் அவற்றில் படிக்கட்டாக உடைந்து தெரியும். இந்தக் குறைக்குப் பரிகாரமாக 1990களின் நடுவில் ஜப்பானின் ஹிட்டாச்சி, மூலக்கூறுகளைத் திரையின் தளத்திலேயே கிடைமட்டமாகத் திருப்பும் ஐ.பி.எஸ். முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வர்ணம் எந்தக் கோணத்திலும் நிலைத்து நின்றது. ஆனால் வேகம் போயிற்று. ஓடும் உருவத்தின் பின்னால் அதன் பழைய சாயல் வாலாக நீண்டது. இங்கேதான் குலம் பிரிந்தது. ஆட்டக்காரர் டி.என். பக்கமும் சித்திரக்காரர் ஐ.பி.எஸ். பக்கமும் போய்ச் சேர்ந்தனர்.

குழாய் ஒழிந்தாலும் அதன் வர்ணம் ஒழியவில்லை என்பது இச்சரித்திரத்தின் சுவையான பகுதி. 1996இல் ஹியூலெட்-பாக்கார்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் வர்ண அளவுகோல், அந்நாளைய சாதாரணக் குழாய்த்திரை எந்தெந்த வர்ணத்தைக் காட்டுமோ அதையே பிரமாணமாகக் கொண்டது. அதைவிட அகன்றதான அடோபி ஆர்.ஜி.பி.யின் பிறப்போ ஒரு பிழையின் கதை: 1998இல் போட்டோஷாப்பின் ஐந்தாம் பதிப்பைத் தயாரித்தவர்கள், தொலைக்காட்சித் துறையின் ஒரு தர ஆவணத்திலிருந்து மூலவர்ண அளவுகளை எடுத்தபோது, உண்மை அளவுகளை விட்டுவிட்டு இலட்சிய அளவுகளை எடுத்ததோடு, சிவப்பின் எண்ணையும் தவறாகப் பிரதி செய்துவிட்டார்கள். திருத்தலாம் என்று பார்த்தால், அச்சுக்கு வேண்டிய பச்சையும் நீலப்பச்சையும் அதில் செழிப்பாக அமைந்திருப்பதாகப் பயனாளிகள் கொண்டாடத் தொடங்கியிருந்தனர். ஆகவே பிழைக்கு ஒரு புதுப் பெயரைச் சூட்டி அப்படியே வைத்துக்கொண்டனர். இன்று விலையுயர்ந்த மானிட்டர்கள் 99 சதவீதம் அடோபி ஆர்.ஜி.பி. என்று பெருமை பேசுவதெல்லாம் அந்தக் கைப்பிழையை அளவுகோலாகக் கொண்டுதான்.

அகன்ற வர்ணம் ஆட்டக்காரருக்கு வேறொரு தொல்லையைக் கொடுத்தது. விளையாட்டுகள் எஸ்.ஆர்.ஜி.பி.யை எண்ணி ஆக்கப்பட்டவை. அவற்றை அகன்ற வர்ணத்திரையில், மாற்றிச் சொல்ல ஆளின்றி அப்படியே காட்டினால், மனித முகங்கள் வெயிலில் வெந்தவை போலச் சிவந்தும், புல்வெளி கண்ணைக் குத்தும் பச்சையாகவும் தோன்றும். திரைக்குள்ளேயே வர்ணத்தைக் குறுக்கிக் காட்டும் எஸ்.ஆர்.ஜி.பி. நிலை ஒன்று அவசியமானது இதனால்தான். அதன் முக்கியத்துவத்தைக் கடைசியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

புள்ளிகளின் நெருக்கத்தைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். 22.2 அங்குலத்தில் 3840க்கு 2400 புள்ளிகள் கொண்ட டி221 என்ற திரையைச் செய்துவிட்டது. அதன் முன்னோடியான திரையின் விலை 20,000 டாலரை ஒட்டியிருந்தது. விஞ்ஞானிகளுக்கும் மருத்துவப் படங்களைப் பார்ப்பவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் அதை நிரப்பப் பல கம்பி வடங்கள் வேண்டும். அப்படியும் விநாடிக்கு 41 படங்கள்தான் வரும். அத்தனை புள்ளிகளையும் அத்தனை வேகத்தோடு ஒரு வடத்தின் வழியே எப்படி அனுப்புவது என்ற அந்தப் பிரச்சினையே பின்வந்த இருபது ஆண்டுச் சரித்திரத்தின் முள்.

பிரிந்த குலங்கள் கூடத் தொடங்கியது பெரிய ஸ்தாபனங்களின் முயற்சியால் மட்டுமல்ல. 2012 வாக்கில், எல்ஜி தயாரித்த 27 அங்குல, 2560க்கு 1440 புள்ளி ஐ.பி.எஸ். பலகைகளில் உயர்தரச் சோதனையில் தேறாதவற்றைக் கொரியாவின் சிறு வியாபாரிகள் வாங்கி, எளிய சட்டங்களில் பூட்டி, அயல்நாட்டாருக்கு மலிவாக விற்றார்கள். யமகாசி கேட்லீப் என்ற பெயர் அக்காலத்து ஆட்டக்காரரிடையே மந்திரம் போல உலவியது. அவற்றில் சில, அறுபதுக்கென்று செய்யப்பட்டிருந்தும், விநாடிக்கு 120 படங்கள் வரை ஓடின. வேகமான ஐ.பி.எஸ். சாத்தியமே என்பதை நிரூபித்தவை, தரக் கட்டுப்பாட்டில் தள்ளுபடியான அந்தப் பலகைகள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது. 2015இல் ஏசர் தன் பிரிடேட்டர் எக்ஸ்.பி.270எச்.யு. மானிட்டரில் அதே புள்ளித் தொகையை, ஐ.பி.எஸ். இனத்துப் பலகையில், 144 ஹெர்ட்ஸ் வேகத்தோடு முறைப்படி விற்கத் தொடங்கியது.

2018இல் வந்த ஆசுஸ் பி.ஜி.27யூ.க்யூ. மானிட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 27 அங்குலத்தில் 4கே புள்ளிகள், 144 ஹெர்ட்ஸ் வேகம், அடோபி ஆர்.ஜி.பி.யில் 99 சதவீதம், பின்னொளியில் 384 தனிப் பகுதிகள், உள்ளே சூடு தணிக்க ஒரு சிறு விசிறி, விலை 2,000 டாலர். காகிதத்தில் பார்த்தால் இரு குலங்களின் கலியாணம் நிறைவேறிவிட்டது. ஆயினும் அந்நாளைய டிஸ்ப்ளேபோர்ட் வடம் அத்தனை தகவலைத் தாங்கவில்லை. முழு வேகமான 144இல் ஓட்ட வேண்டுமானால், ஒளியளவைப் புள்ளிதோறும் அனுப்பி, வர்ணத்தை மட்டும் இரண்டு புள்ளிக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். இருட்டுப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தை வைத்துப் பார்த்தால் அதன் விளிம்பு கசிந்திருக்கும். பத்து பிட் வர்ணம் முழுமையாக வேண்டுமானால் 98 ஹெர்ட்ஸுடன் திருப்தியடைய வேண்டும். வடத்தின் வழியே தகவலைச் சுருக்கி அனுப்பும் டி.எஸ்.சி. முறை மானிட்டர்களில் பரவிய பிறகே இந்தச் சங்கடம் தீர்ந்தது.

2022 முதல் மேஜைகளுக்குப் பரவலாக வரத் தொடங்கிய ஓலெட் திரைகள், புள்ளிகளே சுயமாக ஒளிர்வதால், குழாயின் கருமையையும் சுறுசுறுப்பையும் மீட்டுத் தந்தன. ஆட்டத்துக்கு அவற்றை மிஞ்சியது இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் படம் திருத்துபவரின் திரையில் கருவிப்பட்டைகள் நாள் முழுவதும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஓலெட் திரையில் தழும்பு விழுவது அத்தகைய அசையாத உருவங்களால்தான். முதலில் வந்த சிலவற்றில் புள்ளிகள் முக்கோணமாக அமைந்திருந்ததால், எழுத்தின் ஓரங்களில் பச்சையும் ஊதாவும் இழையோடின. நம் ணகரத்தின் சுழிகளைச் சிறிய அளவில் படிப்பவருக்கு அது தெரியாமல் போகாது.

ஆகவே இரண்டு வேலையையும் சரிபாதியாகச் செய்பவருக்கு, 27 அல்லது 32 அங்குலத்தில், 4கே புள்ளிகளும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் டி.எஸ்.சி. வசதியும் உள்ள ஐ.பி.எஸ். மானிட்டரே இன்றைக்குப் பத்திரமானது என்று சொல்லுவேன். ஆனால் 1440 திரையைக் காட்டிலும் 4கே திரைக்குப் புள்ளிகள் இரண்டேகால் மடங்கு என்பதால், கிராஃபிக்ஸ் அட்டையின் வலிமையையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் கடையிலேயே எஸ்.ஆர்.ஜி.பி. நிலையைப் போடச் சொல்லி, அந்த நிலையில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல கேமிங் மானிட்டர்களில் அந்தப் பொத்தான் பூட்டப்பட்டிருக்கும். அப்படிப் பூட்டியிருந்தால், வேறு எத்தனை சிறப்புகளை விற்பனையாளர் எடுத்துச் சொன்னாலும், அதை வாங்காதீர்கள்.